சம்பளம் "வரும்" என்கிறார்கள்: லாரி ஓட்டுநராகப் புதிதாக வருபவர் கற்க வேண்டிய கணக்கு

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் ஏதாவது ஒரு லாரி அலுவலகத்தில் போய் நின்று ஓட்டுநர் வேலைக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால், "மாசம் இருபத்தஞ்சு வரும் தம்பி" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். "தருகிறேன்" என்று யாரும் சொல்வதில்லை. "வரும்" என்றுதான் சொல்வார்கள். அப்படியொரு அலுவலகத்தில் பல ஆண்டுகள் டிரிப் கணக்கு எழுதியவன் நான். புதிதாக வந்த பையன்கள் இந்தச் சொல்லைக் கவனிக்காமல் விட்டு, இரண்டு மாதம் கழித்துக் கணக்கு நோட்டின் முன் முகம் சுருங்கி உட்கார்ந்திருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலாளி பொய் சொல்லியிருக்க மாட்டார். நல்ல மாதத்தில், நல்ல லைனில் (வண்டி வழக்கமாகப் போய்வரும் தடத்தை லைன் என்பார்கள்), எதுவும் பிடித்தம் ஆகாமல் இருந்தால் அந்தத் தொகை வரத்தான் செய்யும். எது நடந்தால் வரும், எது நடந்தால் வராது என்பதை வண்டியில் ஏறுவதற்கு முன்பே எப்படிக் கணக்கிட்டுப் பார்ப்பது என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: உரிமத்தைச் சரியாக எடுங்கள்

சம்பளத்தின் அடித்தளம் உரிமம் என்பதால் இதிலிருந்து தொடங்குகிறேன். சரக்கு லாரி போன்ற போக்குவரத்து வாகனம் ஓட்டுவதற்கு 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு கழிந்த பிறகுதான் கனரக வாகனத்துக்கான பழகுநர் உரிமம் தருவார்கள். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று முன்பு இருந்த விதி 2019-இல் நீக்கப்பட்டுவிட்டது. மருத்துவச் சான்றும், அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் சான்றும் தேவைப்படும். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணம் குறைவாக இருக்கிறதா என்பதைவிட, உண்மையிலேயே பாரம் ஏற்றிய வண்டியில் எத்தனை மணி நேரம் ஓட்டவிடுவார்கள் என்று கேளுங்கள். நாமக்கல்லில் உள்ள அசோக் லேலண்டு ஓட்டுநர் பயிற்சி நிறுவனம், கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் நடத்தும் பயிற்சி மையம் போன்ற இடங்களில் பயின்று வந்தவரை அலுவலகத்தில் கொஞ்சம் நம்பி உட்கார வைப்பார்கள்.

கனரக உரிமம் கிடைப்பதற்கு முன்பே சம்பாதிக்கத் தொடங்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக உரிமத்தோடே ஓட்டலாம், தனி ஒப்புதல் வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஊரில் குட்டியானை என்று அழைக்கப்படும் டாடா ஏஸிலும் அதைவிடச் சற்றுப் பெரிய சரக்கு வண்டிகளிலும் ஓராண்டு ஓட்டி, பின்னால் பார்த்து வண்டி எடுப்பது, தார்ப்பாய் கட்டுவது, பில் சரிபார்ப்பது ஆகியவற்றைப் பழகிக்கொண்டு வருபவர் பெரிய வண்டியில் தடுமாறுவதில்லை. முன்பெல்லாம் கிளீனராக ஏறி, டயர் கழற்றிப் பூட்டி, ஓட்டுநர் தூங்கும் நேரத்தில் ஸ்டியரிங் பிடித்துத்தான் எல்லோரும் கற்றார்கள். இப்போது கிளீனர் இல்லாமலேயே பெரும்பாலான லாரிகள் ஓடுகின்றன. அந்தப் பள்ளிக்கூடம் மூடப்பட்டுவிட்டது என்றே சொல்லலாம். கிளீனர் செய்த வேலை போய்விடவில்லை. அதுவும் ஓட்டுநர் தலையிலேயே விழுந்திருக்கிறது. வேலைக்குப் பேசும்போது, கிளீனர் இல்லாத வண்டி என்றால் கிளீனருக்குத் தர வேண்டிய படிக்காசில் தனக்குப் பங்கு உண்டா என்று கேட்பதில் தவறே இல்லை.

கேஸ், பெட்ரோல், அமிலம் போன்ற அபாயகரமான சரக்கை ஏற்றும் டேங்கர் ஓட்ட வேண்டுமானால், அதற்கென்று மூன்று நாள் பயிற்சி முடித்து உரிமத்தில் ஒப்புதல் பெற வேண்டும். சாதாரணப் போக்குவரத்து உரிமம் ஐந்தாண்டுகள் செல்லும் என்றால், இந்த ஒப்புதல் மூன்றாண்டுகளே செல்லும். மூன்று நாள் செலவழித்துப் பெறும் இந்த ஒரு வரியைப் போல ஓட்டுநரின் பேரம் பேசும் வலிமையை உயர்த்துவது வேறெதுவும் இல்லை என்பது என் அனுபவம்.

இரண்டாம் படி: வண்டியையும் லைனையும் பார்த்துப் பேசுங்கள்

ஒரே ஊரில், ஒரே வயதுள்ள இரண்டு ஓட்டுநர்களுக்கு இடையே வருமானம் இரு மடங்கு வேறுபடுவதற்குப் பெரும்பாலும் திறமை காரணமல்ல. அவர்கள் ஏறிய வண்டிதான் காரணம். டிப்பர் ஓட்டுபவர் கல், எம்-சாண்ட் ஏற்றி உள்ளூரிலேயே சுற்றி, நாள் சம்பளமோ நடைக் கணக்கோ வாங்கிக்கொண்டு இரவு வீட்டுக்கு வந்துவிடுவார். வெளியில் சாப்பாட்டுச் செலவு குறைவு என்பதால் அவர் வாங்கும் குறைந்த தொகையும் கையில் நிற்கும். குவாரி நின்றாலோ கட்டட வேலை படுத்தாலோ அவரும் படுத்துவிடுவார்.

லைன் லாரி என்பது மகாராஷ்டிரம், குஜராத், டெல்லி, கொல்கத்தா என்று போய் வருவது. பத்துச் சக்கரம், பன்னிரண்டு சக்கரம், பதினான்கு சக்கரம் கொண்ட, பேச்சில் டாரஸ் என்று பொதுவாகச் சொல்லப்படும் வண்டிகள் இதில் ஓடும். இங்கே சம்பாத்தியத்தைத் தீர்மானிப்பது ரிட்டன் லோடு. போகும்போது சரக்கு உறுதியாக இருக்கும். திரும்பி வருவதற்கு ஏதோ ஒரு வடநாட்டு லாரி செட்டில் மூன்று நாளோ ஐந்து நாளோ காத்துக் கிடக்க நேரும்.

நாமக்கல்லை மையமாகக் கொண்டு தென்னிந்தியா முழுவதும் ஓடும் கேஸ் டேங்கர்களில் இந்தத் தொல்லை இல்லை. எண்ணெய் நிறுவனங்கள் போய்வரும் தூரம் இரண்டுக்கும் சேர்த்தே வாடகை கணக்கிடுகின்றன. வண்டி காலியாகத் திரும்புவதே முறை. ஆனால் மங்களூரிலோ எண்ணூரிலோ நிரப்புவதற்கும், சிலிண்டர் நிரப்பும் ஆலையில் இறக்குவதற்கும் வரிசையில் நிற்க வேண்டும். பண்டிகைக் காலத்தில் ஆலை மூடியிருந்தால் அந்த வரிசை நகராது. துறைமுகக் கண்டெய்னர் டிரெய்லர்களுக்கும் இதே கதைதான். நடைக்கு இவ்வளவு என்று பேசிய ஓட்டுநருக்குச் சென்னைத் துறைமுக வாசலில் ஒரு நாள் நின்றால் அன்றைய கூலி போயிற்று. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமிருந்து கார் ஏற்றிச் செல்லும் வண்டிகளிலும், பெரிய பார்சல் நிறுவனங்களின் மூடிய வண்டிகளிலும் மாதச் சம்பளம், வைப்புநிதி, இரண்டு ஓட்டுநர் என்ற ஒழுங்கு ஓரளவு உண்டு. அங்கே சேர முன் அனுபவம் கேட்பார்கள்.

தொகையாகச் சொல்ல வேண்டுமென்றால், புதிதாக வருபவர் முதல் ஓராண்டில் செலவு போக மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய் வரை எதிர்பார்ப்பதே நிதானமான கணக்கு என்று நினைக்கிறேன். ஐந்தாறு ஆண்டு கழித்து டிரெய்லர், டேங்கர் பக்கம் நகர்ந்தவர்கள் 25,000-லிருந்து 35,000 வரை கையில் பார்ப்பதுண்டு. இதற்கு மேல் சொல்லி ஆள் எடுப்பவரிடம் எத்தனை நாள் ஓட வேண்டும் என்பதை உடனே கேளுங்கள்.

மூன்றாம் படி: எந்த முறையில் கூலி என்று உறுதி செய்யுங்கள்

நான்கு முறைகள் நடைமுறையில் உள்ளன. மாதச் சம்பளமும் அதற்கு மேல் நாள் படியும் கொடுப்பது ஒன்று. வண்டி நின்றாலும் சம்பளம் ஓடும் என்பதால் புதியவருக்கு இதுவே பாதுகாப்பானது. ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்பது இரண்டாவது. வண்டி ஓடும்வரை நல்லது, நின்றுவிட்டால் ஒன்றுமில்லை. வாடகையில் இத்தனை சதவீதம் என்பது மூன்றாவது. வாடகை ஏறும்போது உங்களுக்கும் ஏறும், ஆனால் உண்மையான வாடகை எவ்வளவு என்பது புக்கிங் அலுவலகத்துக்கும் முதலாளிக்கும் மட்டுமே தெரியும் என்றால் சதவீதத்துக்குப் பொருளே இல்லை. வாடகை எழுதிய சீட்டைக் காட்டினால் மட்டும் இதற்கு ஒப்புக்கொள்ளுங்கள்.

நான்காவது, மொத்த டிரிப். டீசல், சுங்கம், வழிச்செலவு, சாப்பாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகையைக் கொடுத்துவிடுவார்கள். மிச்சம் பிடித்தது ஓட்டுநருடையது. பழுத்த ஓட்டுநர்களுக்கு இதில் நல்ல காசு நிற்கும், ஏனென்றால் எந்த மாநிலத்தில் டீசல் இரண்டு ரூபாய் குறைவு, எந்த வழியில் சுங்கச்சாவடி குறைவு என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். புதியவர் இதில் இறங்கினால் டயர் ஒன்று வெடித்த நாளில் வீட்டிலிருந்து பணம் அனுப்பச் சொல்லி நிற்க வேண்டியிருக்கும்.

நான்காம் படி: ஒரு டிரிப்பை நாள் கணக்காக உடைத்துப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றி மும்பையில் இறக்கி, அங்கிருந்து காலியாக நாசிக் பக்கம் போய், வெங்காயம் ஏற்றிக்கொண்டு திரும்பும் ஒரு பத்துச் சக்கர வண்டியை எடுத்துக்கொள்வோம். சேலத்து ஜவ்வரிசிக்கு மகாராஷ்டிரத்தில் எப்போதும் கிராக்கி உண்டு. நாசிக் வெங்காயத்துக்கு இங்கே கிராக்கி உண்டு. இதனால் இந்த லைன் வெகுகாலமாக ஓடுகிறது. ஓசூர், பெங்களூரு, சித்திரதுர்கா, ஹூப்ளி, கோலாப்பூர், புனே வழியாகப் போய்வர மொத்தம் சுமார் 2,600 கிலோமீட்டர் வரும்.

கிலோமீட்டருக்கு 5 ரூபாய் என்று பேசியதாக வைத்துக்கொண்டால் டிரிப்புக்கு 13,000 ரூபாய். சாப்பாடு, டீ, குளியல், செல்போன் என்று நாளுக்கு 350 ரூபாய் ஓட்டுநர் கையிலிருந்து போவதாகக் கொள்வோம். பத்து நாளில் திரும்பினால் செலவு 3,500 போக 9,500 நிற்கும், நாளுக்கு 950. அதே டிரிப்பில் மும்பையில் இறக்குவதற்கு இரண்டு நாளும், நாசிக்கில் லோடுக்கு இரண்டு நாளும் கிடந்து பதினான்கு நாளில் திரும்பினால் செலவு 4,900 போக 8,100 தான் நிற்கும். நாளுக்கு 579 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. ஓட்டிய தூரம் ஒன்றுதான், ஏற்றிய சரக்கு ஒன்றுதான், தூக்கம் கெட்டதும் ஒன்றுதான்; நான்கு நாள் காத்திருப்பு நாள் கூலியில் ஏறத்தாழ நாற்பது சதவீதத்தைத் தின்றுவிட்டது. முன்னது போல மாதம் இரண்டு டிரிப் அடித்தால் 19,000 கையில் இருக்கும், பத்து நாள் வீட்டிலும் இருக்கலாம். பின்னது போல இரண்டு டிரிப் அடித்தால் 16,200 தான் மிஞ்சும், வீட்டில் இருப்பது இரண்டு நாள்.

ஆகவே சேரும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "போன மாதம் இந்த வண்டி எத்தனை டிரிப் அடித்தது, ஒவ்வொன்றும் எத்தனை நாள்?" என்பதுதான். முதலாளியைவிட அந்த வண்டியை விட்டுப் போன பழைய ஓட்டுநர் இதற்கு நேர்மையாகப் பதில் சொல்வார். லாரிப் பேட்டை டீக்கடையில் அவரைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. இரண்டாவது கேள்வி ஹால்டிங் பற்றியது. சரக்கை இறக்காமல் வண்டியை நிறுத்திவைத்தால் பார்ட்டியிடம் நாளுக்கு இவ்வளவு என்று முதலாளி ஹால்டிங் வாங்குவதுண்டு. அதில் ஓட்டுநருக்குப் பங்கு உண்டா, உண்டென்றால் எந்த நாளிலிருந்து என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வெயிலில் கேபினுக்குள் கிடப்பவர் ஓட்டுநர், காசு மட்டும் வேறொருவருக்கு என்பது எனக்கு எப்போதும் சரியாகப் பட்டதில்லை.

காத்திருப்பு முன்பைவிடக் குறைந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமாயிற்று. முன்பு எல்லையில் போன பொழுது இப்போது பெரும்பாலும் லோடு ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும்தான் போகிறது. சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் ஒன்று 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லும். வழியில் வண்டி பழுதாகி நின்றுவிட்டால் அது காலாவதியாகும் முன் அலுவலகத்துக்குச் சொல்லி நீட்டிக்க வைப்பது உங்கள் பொறுப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அபராதம் வந்த பிறகு யார் கட்டுவது என்ற வாக்குவாதத்தில் ஓட்டுநர் வென்றதை நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் படி: மைலேஜ் கணக்கு

பெரும்பாலான அலுவலகங்களில் வண்டிக்கு ஒரு மைலேஜ் நிர்ணயித்திருப்பார்கள். பாரம் ஏற்றிய பத்துச் சக்கர வண்டிக்கு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்தால், மேலே சொன்ன 2,600 கிலோமீட்டருக்கு 650 லிட்டர். நீங்கள் 4.2 கொண்டுவந்தால் ஏறத்தாழ 31 லிட்டர் மிச்சம். லிட்டர் 90 ரூபாய் என்றால் 2,790 ரூபாய். அதில் பாதியைத் தருவது நல்ல அலுவலகத்தின் வழக்கம். 3.8-க்கு இறங்கினால் 34 லிட்டர் கூடுதல். அந்த 3,060 ரூபாயை முழுதாக உங்கள் கணக்கில் பிடிக்கும் அலுவலகங்கள் உண்டு. மிச்சத்தில் பாதி, நட்டத்தில் முழுசு என்ற இந்தத் தராசைத்தான் முதலில் பேசித் திருத்த வேண்டும்: மிச்சத்தில் எந்தப் பங்கோ நட்டத்திலும் அதே பங்கு.

மைலேஜ் குறைவதற்கு ஓட்டுநர் மட்டும் காரணமல்ல. டயரில் காற்றுக் குறைவு, இன்ஜெக்டர் கோளாறு, மழைக்காலம், சாலை வேலை, ஏற்றிய பாரம் எல்லாம் சேரும். மூன்று அச்சு கொண்ட பத்துச் சக்கர வண்டிக்குச் சட்டம் அனுமதிக்கும் மொத்த எடை 2018-இலிருந்து 28.5 டன். அதற்கு மேல் நான்கு டன் ஏற்றி அனுப்பிவிட்டு அதே மைலேஜைக் கேட்பது நியாயமில்லை. ஆகவே முதல் டிரிப்பில் எடைச்சீட்டையும் டீசல் பில்லையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பெங்களூருவிலிருந்து திரும்பும்போது தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையில் தொப்பூர் கணவாய் இறக்கம் வரும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கும் பழக்கம் அங்கே எத்தனையோ விபத்துகளுக்குக் காரணமாகியிருக்கிறது. பாரம் பின்னாலிருந்து தள்ள, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போக, முன்னால் போகும் வண்டிகள் மேல் ஏறிவிடும். அந்த இறக்கத்தில் நியூட்ரல் போட்டு மிச்சமாகும் டீசல் ஒரு டீக்கும் வடைக்குமான காசுதான். எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில் இறங்குவது என்ற பழைய பாடம் புதிய வண்டிகளுக்கும் பொருந்தும்.

ஆறாம் படி: பிடித்தங்களை முன்பே எழுத வையுங்கள்

கணக்குப் பார்க்கும் நாளில் என்ன நடக்கும் என்பதை ஒருமுறை சொல்கிறேன். ஓட்டுநர் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டுச் சீட்டை மேசையில் வைப்பார்: டீசல் பில், பஞ்சர் சீட்டு, எடை மேடைச் சீட்டு, ஏற்றுகூலி எழுதிய சிகரெட் அட்டைத் துண்டு, இறக்கிய இடத்தில் முத்திரை போட்ட எல்.ஆர். (லாரி ரசீது) நகல். நான் ஒவ்வொன்றாக எடுத்து டிரிப் ஷீட்டில் ஏற்றுவேன். சீட்டில்லாத செலவு வந்ததும் பேனா நிற்கும். வழியில் கைமாறும் ரசீதில்லாத காசு, வடநாட்டில் இறக்குகூலிக்கு மேல் கேட்ட டீக்காசு, வண்டியை இரவில் நிறுத்திய இடத்துக் காவல் காசு ஆகியவை உண்மையான செலவுகள் என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் அலுவலகம் "வழிச்செலவு இவ்வளவுதான்" என்று ஒரு தொகையோடு நிறுத்திக்கொள்ளும். மீதி ஓட்டுநர் தலையில். ஆகவே அந்தத் தொகை ஒவ்வொரு லைனுக்கும் எவ்வளவு என்பதைப் புறப்படும் முன்பே டிரிப் ஷீட்டின் தலைப்பில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது ஷார்ட்டேஜ், அதாவது சரக்குக் குறைவு. வெங்காயம் ஒரு நல்ல உதாரணம். நாசிக்கில் ஏற்றும்போது இருந்த எடை சேலத்தில் இறக்கும்போது இருக்காது. ஈரம் வற்றி இயல்பாகவே குறையும். எத்தனை கிலோ வரை இயல்பு, அதற்கு மேல் யார் பொறுப்பு என்பது வியாபாரிகளுக்கிடையே வழக்கமாக இருக்கும். அது ஓட்டுநருக்குத் தெரிந்திருக்காது. எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை புதிய ஓட்டுநர் ஒருவருக்கு இப்படி 180 கிலோவுக்குப் பணம் பிடித்தார்கள். அவர் ஏற்றிய இடத்திலேயே வேறொரு எடை மேடையில் இன்னொரு முறை எடை போட்டுச் சீட்டு வைத்திருந்ததால், முதல் எடையே தவறு என்று தெரிந்து பணம் திரும்பியது. அந்தச் சீட்டுக்கு அவர் செலவழித்தது நூறு ரூபாய்கூட இருக்காது. மூட்டைச் சரக்கென்றால் எண்ணிக்கையை நீங்களே எண்ணிக் கையெழுத்துப் போடுங்கள். பூட்டி முத்திரை வைத்த கண்டெய்னர் என்றால் "முத்திரை சரி" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், உள்ளே இருப்பதற்குச் சாட்சி சொல்லாதீர்கள்.

அபராதங்களில் கனமானது அதிகபாரம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 20,000 ரூபாயும், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். கூடுதல் சரக்கை இறக்கிய பிறகே வண்டியை விடுவார்கள். ஏற்றச் சொன்னது அலுவலகம் என்றால் கட்ட வேண்டியதும் அலுவலகம்தான். இதை வாய்ப்பேச்சாக விடாமல், எடை அதிகமாக இருப்பதைப் புறப்படும் முன் செல்போனில் செய்தியாக அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வேகம், சிக்னல், சீட் பெல்ட் அபராதங்கள் உங்களுடையவை. அவற்றை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

ஏழாம் படி: முன்பணம் வாங்காதீர்கள்

இதில் என் கருத்து கறாரானது. சேரும்போதே இருபதாயிரம், முப்பதாயிரம் முன்பணம் தருவதாகச் சொன்னால் வீட்டில் இருக்கும் நிலைமைக்கு அது பெரிய உதவியாகத் தோன்றும். ஆனால் முன்பணம் நிலுவையில் இருக்கும்வரை கூலியைப் பற்றிப் பேசும் நாக்கு உங்களிடம் இருக்காது. மைலேஜ் பிடித்தம் தவறென்று தெரிந்தாலும், ரிட்டன் லோடில்லாத லைனுக்கே திரும்பத் திரும்ப அனுப்பினாலும், "பணத்தைக் கட்டிட்டுப் போ" என்ற ஒரு வரியில் எல்லாம் முடிந்துவிடும். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணத்துக்காக, பக்கத்து அலுவலகம் மாதம் நாலாயிரம் கூடத் தரத் தயாராக இருந்தும் மூன்று ஆண்டு நகர முடியாமல் இருந்தவரை எனக்குத் தெரியும். அவர் இழந்ததை நான் ஒருநாள் கூட்டிப் பார்த்தேன். வாங்கிய முன்பணத்தைவிட நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. அவரிடம் சொல்லவில்லை.

அசல் உரிமத்தை அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அரசின் டிஜிலாக்கர் செயலியில் இருக்கும் உரிமம் சாலையில் செல்லும் என்பதைக் காட்டி "அசல் இங்கேயே இருக்கட்டும்" என்பார்கள். நகல் கொடுத்தால் போதும்.

எட்டாம் படி: சீட்டில் இருக்கும் சம்பளம்

படி அதிகம், சம்பளம் குறைவு என்று எழுதுவது அலுவலகங்களுக்கு வசதி. வைப்புநிதி, இ.எஸ்.ஐ. எல்லாம் சம்பளத்தை வைத்துத்தான். கையில் வரும் தொகை ஒன்றுதானே என்று ஓட்டுநரும் விட்டுவிடுவார். விபத்து நேரும்போதுதான் வித்தியாசம் தெரியும். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த கணக்குப்படி, 30 வயதுள்ள ஓட்டுநர் பணியில் இறந்தால் மாதச் சம்பளத்தில் பாதியை 207.98-ஆல் பெருக்க வேண்டும். இதற்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தின் உச்சவரம்பு 2020-இல் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சீட்டில் 15,000 இருந்தால் குடும்பத்துக்கு 15,59,850 ரூபாய். சீட்டில் 8,000 என்று எழுதி மீதியைப் படியாகக் காட்டியிருந்தால், அந்தப் படியும் சம்பளம்தானா என்று வழக்காட வேண்டும். தோற்றால் 8,31,920 ரூபாய். வண்டியின் காப்பீட்டுப் பாலிசியில் கூலி ஓட்டுநருக்கான பிரீமியம் கட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பாலிசியை வாங்கிப் பார்த்துவிடுங்கள். அது மிகச் சிறிய தொகைதான், அதையும் கட்டாத உரிமையாளர்கள் இருக்கிறார்கள்.

வைப்புநிதி இல்லாத சிறு உரிமையாளரிடம் சேர்ந்தால், தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கென்று இருக்கும் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிள்ளைகளின் படிப்புக்கும் விபத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் அங்கே உதவி உண்டு. பதிவைப் புதுப்பிக்க மறந்துவிடுவதால்தான் பலர் அதை இழக்கிறார்கள்.

ஒன்பதாம் படி: முதல் மூன்று மாதம் உங்கள் கணக்கை நீங்களே எழுதுங்கள்

சட்டைப் பையில் அடங்கும் ஒரு நோட்டுப் போதும். புறப்பட்ட தேதி, கிலோமீட்டர் மீட்டரில் உள்ள எண், ஊற்றிய டீசல், ஏற்றிய எடை, ஏற்றும் இடத்தில் நின்ற மணி, இறக்கும் இடத்தில் நின்ற மணி, கையிலிருந்து போன காசு, வீடு திரும்பிய தேதி ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். மூன்று மாத முடிவில் கையில் நின்ற மொத்தத் தொகையை வெளியில் இருந்த மொத்த நாட்களால் வகுத்தால் உங்கள் உண்மையான நாள் கூலி தெரியும். உள்ளூர் டிப்பர்காரரின் நாள் கூலியோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். சில நேரம் ஆயிரத்து இருநூறு மைல் தாண்டிப் போனவரைவிட ஐம்பது கிலோமீட்டருக்குள் சுற்றியவர் நாள் கணக்கில் கூடுதலாகச் சம்பாதித்திருப்பார். ஒரு மாதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்: மார்ச்சில் கணக்கு முடிப்பதற்காக எல்லாக் கம்பெனிகளும் சரக்கைத் தள்ளும், வாடகை ஏறும், ஏப்ரலில் பேட்டையில் வண்டிகள் வரிசையாக நிற்கும். தீபாவளிக்கு முன் ஓட்டம், மழைக்காலத்தில் மந்தம் என்று இந்தத் தொழிலுக்கு ஒரு பருவம் உண்டு.

கணக்கு முடிக்கும் நாளில் உங்கள் நோட்டையும் அலுவலக டிரிப் ஷீட்டையும் பக்கத்தில் வைத்து, வரி வரியாகப் படிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். கணக்கு எழுதுபவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். நோட்டு வைத்திருந்த ஓட்டுநர்களோடு எனக்குத் தகராறே வந்ததில்லை. ஏதாவது ஒரு தொகையில் ஒத்துவராமல் "அடுத்த டிரிப்ல பாத்துக்கலாம்" என்று சொன்னால், சரி என்று எழுந்துவிடாதீர்கள். அந்தத் தொகையையும் அந்த வாக்கியத்தையும் டிரிப் ஷீட்டின் அடியில் எழுதச் சொல்லி, இருவரும் கையெழுத்துப் போட்டு, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்ட பிறகு சாவியை வாங்குங்கள்.